டாக்டரம்மா சொன்னது

ஜூலை 3, வியாழன்

வேலவன் இந்த நோட்டை வாங்கிவந்து மேசையில் வைத்தார். தினமும் ஏதாவது எழுது என்றார். என்ன எழுதுவது என்று கேட்டேன். நடந்ததை எழுது, போதும் என்றார். கணக்கு வாத்தியார். அவருக்கு எல்லாமே படிப்படியாக எழுதினால் விடை வந்துவிடும்.

ஆத்தூருக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் ஸ்கேன் சென்டர். இங்கே நான் ஒருத்திதான் மருத்துவர். இன்று இருபத்தாறு பேர். பதினோரு கர்ப்பிணிகள், மற்றவர்களுக்குப் பித்தப்பைக் கல், சிறுநீரகக் கல், ஒரு ஜவ்வரிசி ஆலைத் தொழிலாளியின் வீங்கிய ஈரல்.

நதியா என்று ஒரு பெண். பதினாறு வாரம். நான்கு வயது மகளைக் கதவுக்கு வெளியே கணவனிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். வயிற்றில் ஜெல் தடவியதும், “இது எக்ஸ்ரேங்களா மேடம்?” என்று கேட்டாள்.

“இல்லம்மா. சத்தம்.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே.”

“நம்ம காதுக்குக் கேக்காது. வௌவாலுக்கே கேக்காத அளவுக்குக் கீச்சான சத்தம். அத உள்ள அனுப்புறோம். பாப்பா மேல பட்டுத் திரும்பி வருது. மிஷின் அதப் படமாப் போடுது.”

“பாப்பாவுக்குக் கேக்குமா? பயந்துக்கப் போவுது.”

கேட்காது என்றேன். சிரித்தாள். நொடிக்கு முப்பத்தைந்து லட்சம் அதிர்வு என்றெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. தலை, முதுகெலும்பு, கை, கால் எல்லாம் சரி. துடைத்துவிட்டு, சேலையை இழுத்து மூடி, எழுந்து உட்காரக் கை கொடுத்தேன். இதயத்தை விரிவாகப் பார்க்க நான்கு வாரம் கழித்து வரச் சொன்னேன்.

என்ன குழந்தை என்பதை இங்கேயும் எழுதப்போவதில்லை. சட்டம் இந்த நோட்டைக் கேட்கவில்லை. ஆனாலும்.

ஜூலை 4, வெள்ளி

ஆறு நாள் கழித்துக் குழாயில் தண்ணீர் வந்தது.

ஜூலை 9, புதன்

மாதேஸ்வரி அக்கா வீட்டிலிருந்து வேகவைத்த மரவள்ளிக் குச்சிக்கிழங்கும் வரமிளகாய்ச் சட்னியும் கொண்டுவந்தார். ஸ்கேன் அறையில் எனக்கு உதவி அவர்தான். ஐம்பத்திரண்டு வயது. பெயர் கூப்பிடுவது, படுக்கவைப்பது, ஜெல் பாட்டிலைச் சுடுதண்ணீரில் வைத்து எடுப்பது, பயந்து வருகிறவர்களின் தோளைத் தடவிக்கொடுப்பது எல்லாம் அவர். கணவர்களை உள்ளே விடமாட்டார். ஒரு மாமியார் நுழையப் பார்த்தபோது, “போர்டப் படிங்க ஆத்தா. என்ன கொழந்தைன்னு இங்க கேக்கவும் கூடாது, சொல்லவும் கூடாது” என்று வெளியே நிறுத்தினார். இவர் இல்லாவிட்டால் அந்த அறை ஒரு நாள் ஓடாது.

அவருக்கு மூன்று பெண்கள். மூன்றாவது பிறந்த பதினாறாம் நாள் கணவர் வேறொருத்தியோடு போய்விட்டாராம். சட்னிக்கு உப்புப் போதுமா என்று கேட்கும் குரலிலேயே இதையும் சொன்னார்.

ஜூலை 14, திங்கள்

சென்டர் உரிமையாளர் நல்லசாமி வந்தார். “நீங்க வந்ததுக்கப்புறம் கூட்டம் ரெண்டு பங்காயிருச்சுங்க மேடம். கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்தெல்லாம் வர்றாங்க. கைராசி டாக்டர்னு பேரு” என்றார்.

பொய் சொல்வானேன், சந்தோஷமாக இருந்தது. கோயம்புத்தூரை விட்டு வந்த பிறகு இப்படி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வரும் வழியில் வேலவனுக்குப் பிடித்த முறுக்கு வாங்கினேன்.

ஜூலை 18, வெள்ளி

பரணில் இருக்கிற பெட்டியை இறக்கலாமா என்று வேலவன் கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஜூலை 31, வியாழன்

நதியா வரவில்லை. இன்று அவள் நாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மாதேஸ்வரி அக்காவிடம் போன் போட்டுக் கேட்கச் சொன்னேன். “அம்மா வீட்டுக்குப் போயிருக்குதாம் டாக்டரம்மா. ஆடி மாசமில்லீங்களா” என்றார். இரண்டாவது பிள்ளைக்கு ஆடிக்கு அழைப்பார்களா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. வசிஷ்ட நதியில் கால் நனைக்கத் தண்ணீர் இல்லை. பக்கத்து வீட்டார் ஆழ்துளைக் குழாய்க்கு மஞ்சள் பூசிக் கும்பிட்டார்கள். எலுமிச்சைச் சாதம் செய்தேன்.

நேற்று பதிவேட்டின் பக்கங்களைப் போனில் படம் எடுத்து வந்திருந்தேன். மதியம் உட்கார்ந்து, இரண்டாவது ஸ்கேனுக்கு வரச்சொல்லியும் வராதவர்கள் யார் என்று பார்த்தேன். மார்ச்சிலிருந்து பதின்மூன்று பேர். பெயரை மறப்பேன், முகத்தை மறப்பேன். ஆனால் திரையில் பார்த்ததை மறக்கமாட்டேன். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் நான் பார்த்ததை மனதுக்குள் வைத்துப் பார்த்தேன்.

பதின்மூன்றும் ஒன்றுதான்.

தற்செயலாக இருக்குமா என்று வேலவனிடம் கேட்டேன். அவர் பேனாவைத் திறக்காமலே சொன்னார்: “எட்டாயிரத்துல ஒண்ணு.” அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “யாரோ சொல்றாங்க கோதை” என்றார்.

எலுமிச்சைச் சாதம் அப்படியே இருக்கிறது.

ஆகஸ்ட் 4, திங்கள்

அரை மணி நேரம் முன்னதாகப் போய் அறையைச் சோதித்தேன். திரையிலிருந்து வேறு எங்காவது வயர் போகிறதா, கூரையில் கேமரா இருக்கிறதா, மிஷினில் படங்கள் அழியாமல் இருக்கின்றனவா, அச்சுத் தாள்கள் எங்கே போகின்றன. ஒன்றும் இல்லை.

நல்லசாமியை நேராகவே கேட்டேன். அவர் முகம் வெளுத்துப்போனது. “மேடம், ஜெயிலுக்குப் போற வேலைங்க அது. எனக்கெதுக்குங்க” என்றார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். பொய் சொல்கிறவர் மாதிரி இல்லை.

நான் வாய் திறப்பதில்லை. யாரிடமும், ஒருமுறைகூட. அப்படியென்றால் என் முகமா? நாளையிலிருந்து மாஸ்க் போட்டுக்கொள்ளப் போகிறேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாஸ்க் போட்டுக்கொண்டு வேலை பார்த்தேன். மூச்சு முட்டியது.

வினோதினி, சடையம்பட்டி. பதினேழு வாரம். ஏற்கெனவே இரண்டு பெண் குழந்தைகள். மாமியார் வெளியில் பெஞ்சில். வினோதினி திரையைப் பார்க்கவே இல்லை, கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். குழந்தை நன்றாக அசைந்தது, கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனது. நான் எதுவும் பேசவில்லை. துடைத்துவிட்டு சேலையைச் சரிசெய்து அனுப்பினேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இதை இன்றே எழுத வேண்டும்.

பதினொன்றரை மணிக்கு ஆட்டோவில் ஒரு பெண்ணைத் தூக்கிவந்தார்கள். நதியா. நல்ல காய்ச்சல். உதிரப்போக்கு மூன்று வாரமாக நிற்கவில்லையாம். மாதேஸ்வரி அக்கா வங்கிக்குப் போயிருந்தார், நானே படுக்கவைத்தேன். ஸ்கேனில் குழந்தை இல்லை. எடுத்தவர்கள் முழுதாக எடுக்கவில்லை. மிச்சம் உள்ளே சீழ் பிடித்திருந்தது.

உடனே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கே செய்தார்கள் என்று கேட்டேன். ஒரு ஊரின் பெயர் சொன்னாள். மருத்துவமனை இல்லை, அங்கே கலைத்துவிடுகிற ஒரு அம்மாவின் வீட்டில் செய்தார்களாம்.

“ஏன் நதியா? நல்லாத்தானே இருந்துச்சு.”

“பொண்ணுன்னு தெரிஞ்சிருச்சே மேடம்.”

“யாரு சொன்னா?”

அவள் கண்ணைத் திறந்து என்னை விசித்திரமாகப் பார்த்தாள். “நீங்கதானே சொன்னீங்க.”

“நானா?”

“நீங்க உங்க கையால தொடச்சுவுட்டீங்க. பையன்னா துணியக் குடுத்து தொடச்சுக்கச் சொல்லிருவாங்க, பொண்ணா இருந்தா மட்டும் டாக்டரம்மாவே தொடச்சு, சீல மூடிவுடுவாங்கன்னு இங்க பேரு கூப்புடற அக்கா சொல்லுச்சு. எங்க ஊருல எல்லாத்துக்கும் தெரியும் மேடம்.”

ஆம்புலன்ஸ் வந்ததும் ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போனதும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு எட்டு பேரைப் பார்த்திருக்கிறேன், ரிப்போர்ட்டில் என் கையெழுத்து இருக்கிறது. எனக்கு ஒருவர்கூட நினைவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலையில் முதல் ஆளை அழைப்பதற்கு முன் கதவைச் சாத்திவிட்டு மாதேஸ்வரி அக்காவிடம் கேட்டேன்.

“நான் துடைக்கிறதுக்கு என்ன அர்த்தம்னு வெளியில சொன்னீங்கக்கா?”

அவர் மறுக்கவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. “நீங்க சொன்னதத்தானே சொன்னேன் டாக்டரம்மா” என்றார்.

“நான் எப்பச் சொன்னேன்?”

“வாயால சொல்ல முடியாதுன்னு கையால சொல்றீங்கன்னு நெனச்சேனுங்க. நீங்க வந்த மொத வாரமே கவனிச்சேன். பையனுக்குத் துணிய அவங்ககிட்டயே நீட்டிருவீங்க. பொண்ணுன்னா நீங்களே பதமாத் தொடைப்பீங்க. நெறமாசத்துல வந்துட்டுப் போனவங்கள அப்பறமா விசாரிச்சா, எல்லாத்துக்கும் அதேதான் பொறந்திருக்கும். ஒருக்காகூடத் தப்பல.”

“காசு வாங்குனீங்களா?”

“எம் புள்ளைங்க மேல சத்தியமா இல்லீங்க.” முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது. “மூணு பொண்ணப் பெத்துட்டு நான் பட்டத இன்னொருத்தி படக்கூடாதுன்னுதான். அடி வாங்கிக்கிட்டு வர்ற புள்ளைங்கள நீங்களும் பாக்கறீங்க. மனசு கேக்காமத்தான் இந்தம்மா இப்படிக் காட்டுறாங்கன்னு நெனச்சேன். உங்கள நெனச்சு சாமி கும்புட்டிருக்கேன் டாக்டரம்மா.”

நதியாவைப் பற்றிச் சொன்னேன். அவள் உயிருக்குப் போராடுவது அவருக்குத் தெரியாது. சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் அவரைத் தூக்கவில்லை.

அவர் சொன்னது உண்மையா என்று யோசித்துப் பார்க்கிறேன். என் கை செய்ததை நான் பார்த்ததே இல்லை. ஆனால் இந்த நோட்டைப் புரட்டினால் இருக்கிறது. ஜூலை 3. ஆகஸ்ட் 5. நானே என் கையால் எழுதியிருக்கிறேன்.

வேலவன் நடந்ததை எழுதச் சொன்னார். எழுதுகிறேன். போன அக்டோபர் 19, கோயம்புத்தூர். எனக்கு முப்பத்து நான்காவது வாரம். காலையிலிருந்து அசைவு தெரியவில்லை. கடைசி நோயாளி போன பிறகு கதவைத் தாழிட்டு, படுத்து, என் வயிற்றில் நானே ஸ்கேன் கருவியை வைத்தேன். திரையில் எல்லாம் இருந்தது. துடிக்க வேண்டியது மட்டும் துடிக்கவில்லை. பக்கத்தில் யாரும் இல்லாததால் நானே துடைத்துக்கொண்டு, சேலையை மூடிக்கொண்டு, வேலவனுக்குப் போன் செய்தேன்.

பெண்.

ஆகஸ்ட் 9, சனி

விடிந்ததும் வினோதினி நினைவுக்கு வந்தாள். செவ்வாய்க்கிழமை. அவள் வயிற்றையும் நான்தான் துடைத்தேன்.

ஒன்பதே கால் டவுன் பஸ்ஸில் சடையம்பட்டி போனேன். மாமியார் பாப்பாத்தி களத்தில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கயிற்றுக்கட்டிலை உதறிப் போட்டார். வினோதினி கதவோரம் வந்து நின்றாள். அவளுடைய இரண்டு பெண்களும் என் கைப்பையின் ஜிப்பைத் தொட்டுப் பார்த்தார்கள்.

பஸ்ஸில் வரும்போது மனப்பாடம் செய்திருந்ததைச் சொன்னேன். “சென்டர்ல யாரோ தப்பாச் சொல்லிட்டிருக்காங்கன்னு கேள்விப்பட்டேம்மா. நான் துடைச்சா இன்னதுதான்னு. அதுல ஒண்ணுமே இல்ல. துணி என் கையில இருந்துச்சு, துடைச்சேன். பையனோ பொண்ணோ, யாரா இருந்தாலும் துடைப்பேன்.”

இருபது வருடத்தில் நான் ஒரு நோயாளியின் வீட்டாரிடம் சொன்ன முதல் பொய்.

“அப்பப் பையனுங்களா?”

“அதச் சொல்லக்கூடாது. சட்டம்.”

“சட்டத்துக்காவவா பஸ்ஸேறி இவ்வளவு தூரம் வந்தீங்க?”

“தப்பான பேச்ச நம்பி ஒரு உசுரு போயிரக்கூடாதுன்னு வந்தேன்” என்றேன். அது பொய் இல்லை.

பாப்பாத்தி கடலைத் தோலை முறத்தில் தள்ளினார். “திங்கக்கெழமை கூட்டிட்டுப் போலாம்னு இருந்தோம்” என்றார். பிறகு என்னிடம் இல்லை, தனக்குள்ளேயே, “பையனா இருந்து போயிருச்சுன்னா எம் மவனுக்கு யாரு பதில் சொல்றது” என்றார். சற்று நேரம் கழித்து உள்ளே பார்த்து, “ஏ வினோ, டாக்டரம்மாவுக்கு மோரு கொண்டா” என்றார்.

பஸ் நிறுத்தத்தில் நின்றபோது வினோதினி மூச்சிரைக்க வந்தாள். நான் விட்டுவிட்டு வந்த குடையைக் கையில் வைத்திருந்தாள்.

“பொண்ணுதானுங்களே மேடம்?”

நான் சாலையைப் பார்த்தேன்.

“சொல்ல வேண்டாங்க. அன்னிக்கு மாஸ்க்குக்கு மேல உங்க கண்ணு கலங்கியிருந்துச்சு, நான் பாத்தேன்.” குடையை நீட்டினாள். “ஆறாம் மாசம் ஆயிட்டா கலைச்சுவுடற அந்தம்மா தொடமாட்டாங்களாம். இன்னும் ஒரு அஞ்சு வாரம். எங்க அத்தை நம்புற வரைக்கும் நானும் நம்புற மாதிரியே இருந்துக்கறேன். நீங்க இனிமே வராதீங்க.”

பஸ் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

புகாரை எழுத உட்கார்ந்தேன். வேலவன் எதிரில் உட்கார்ந்தார்.

“நீ தெரிஞ்சு செய்யல கோதை. துடைக்கறத நிறுத்திட்டாப் போதும். அந்தம்மாவ வேலைய விட்டு அனுப்பிரு. இதுல உன் பேர எதுக்கு நீயே எழுதற?”

“பதின்மூணு பேருங்க.”

“நீ கொல்லல.”

“நான்தான் சொன்னேன்.”

அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, நான் எழுதிய தாள்களை வாங்கிப் படித்தார். மூன்று இடத்தில் பிழை திருத்தினார். நான்காவது பக்கத்தில் அக்டோபர் 19 வரும் இடத்தில் வெகுநேரம் நின்றார். அதை அவர் திருத்தவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

சேலம். சுகாதார அதிகாரி ஒரு பெண், ஓய்வு பெறும் வயது. நான்கு பக்கத்தையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இத வாங்கிட்டா மொத நடவடிக்கை உங்க மேலதான் இருக்கும். தெரியுமில்ல?”

“தெரியும் மேடம். ஒண்ணு மட்டும் கேக்கணும். துடைச்ச விஷயம் ஜனவரி வரைக்கும் வெளியில வரக்கூடாது.” வினோதினியைப் பற்றிச் சொன்னேன்.

“விசாரணை முடியற வரைக்கும் எதுவும் வெளிய போகாது. உங்களுக்காக இல்ல” என்றார். சடையம்பட்டிக்குப் போகும் கிராம செவிலியரின் பெயரை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். கலைத்துவிடும் அந்த அம்மாவின் ஊர்ப் பெயரையும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மிஷினுக்கு சீல் வைத்தார்கள். நல்லசாமி என்னைத் திட்டவில்லை. “எங்கிட்டயாவது மொதல்ல சொல்லியிருக்கலாமுங்க” என்றார் அவ்வளவுதான். மாதேஸ்வரி அக்காவைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப்போனார்கள். ஜீப்பில் ஏறும்போது, ஜெல் பாட்டில் சுடுதண்ணீரிலேயே இருக்கிறது, எடுத்துவைக்கச் சொல்லுங்கள் என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னாராம்.

செப்டம்பர் 16, செவ்வாய்

நதியாவைப் பார்க்கப் போனேன். பிழைத்துவிட்டாள். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. அவளுடைய மகள் கட்டிலில் ஏறி உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். நதியாவிடம் மன்னிப்புக் கேட்டேன். “நீங்க நல்லாத்தானே மேடம் நடத்துனீங்க” என்றாள். அதைவிட அவள் என்னை அடித்திருக்கலாம்.

வீட்டு வாசலில் மாதேஸ்வரி அக்காவின் மூத்த மகள் காத்திருந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். “அம்மாவுக்கு ஜாமீன் கெடச்சிருச்சு. நீங்க சாப்பிடறீங்களான்னு கேட்டுட்டு வரச் சொல்லுச்சு” என்றாள். உள்ளே கூப்பிட்டேன். வரவில்லை.

செப்டம்பர் 20, சனி

செவிலியரிடமிருந்து செய்தி: “சடையம்பட்டி வினோதினி, 23 வாரம், நலம்.”

அக்டோபர் 6, திங்கள்

என் மருத்துவப் பதிவை ஓராண்டுக்கு நிறுத்திவைத்து ஆணை வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். தபால்காரர் நல்ல செய்தியா என்று கேட்டார்.

அக்டோபர் 19, ஞாயிறு

இன்று ஒரு வருடம். வேலவன் கேட்காமலே குழந்தைத் துணிப் பெட்டியை இறக்கப் பரணில் ஏறினார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

நவம்பர் 25, செவ்வாய்

மூன்றாவது விசாரணை. ஐந்து மணி நேரம். மாதேஸ்வரி அக்கா எதிர்ப் பெஞ்சில் இருந்தார். இளைத்துவிட்டார். பதின்மூன்று பெயர்களையும் சத்தமாகப் படித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் அவர் தலையை அசைத்தார். நானும் அசைத்தேன்.

ஜனவரி 12, திங்கள்

பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறோம். வேலவன் தலையெல்லாம் சுண்ணாம்பு. பத்தரை மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து போன்.

“டாக்டரம்மாங்களா? சடையம்பட்டி பாப்பாத்தி பேசறேன்.”

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“நேத்து பொறந்துச்சு. பொண்ணு.”

“ரெண்டு பேரும் நல்லாருக்காங்களாம்மா?”

“நல்லாத்தான் இருக்காங்க. ரெண்டே முக்காக் கிலோ.” பிறகு கேட்டார்: “அன்னிக்கு வூடு தேடி வந்து பொய்தானே சொன்னீங்க?”

“ஆமாங்க. பொய்தான் சொன்னேன்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டட்டும் என்றும் நினைத்தேன். அந்தப் பக்கம் வாளி நகரும் சத்தம், யாரோ யாரையோ கூப்பிடுவது. பிறகு குழந்தை வீறிட்டது.

“இருங்க, புள்ள அழுவுது” என்று பாப்பாத்தி போனை அணைக்காமலே எங்கேயோ வைத்துவிட்டுப் போனார்.

வேலவன் வாசலில் வந்து நின்று யாரென்று கேட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன். அவர் கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குழந்தை நிறுத்தாமல் அழுதுகொண்டிருந்தது.